எட்சிங்கில் இருட்டு எங்கிருந்து வருகிறது?

ஜூன் 3, ஒரு வாசகரின் கேள்வி

"எட்சிங் படங்களில் இருக்கும் அந்த இருண்ட சூழலைப் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்குப் பிடிபடவில்லை. பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு ஷேடிங் செய்கிறோமே, அதையேதானே செம்பில் செய்கிறார்கள்? நெருக்கிப் போட்டால் இருட்டு, விட்டுப் போட்டால் வெளிச்சம். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படம் மனதைப் பிசைகிறது என்றால் அதில் சொல்லப்படும் கதைதான் காரணம். கோட்டுக்கு அதில் என்ன வேலை?"

ஜூன் 3, இரவு

எட்சிங் என்றால் செம்புத் தகட்டில் கோடு கீறி, ஆசிடில் அரித்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அச்சிடுவது. நெருக்கிப் போட்டால் இருட்டு என்பதுதான் அதில் முதலில் உடைகிற நம்பிக்கை. எனக்கு அது 2009-ல் உடைந்தது.

கும்பகோணத்தில் அத்தை வீட்டுக் கிணற்றடியைச் செம்புத் தகட்டில் வரைந்தேன். சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். கிணற்றின் உட்புறம் கன்னங்கரேல் என்று வர வேண்டும் என்பதற்காக மூன்று திசைகளில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் கோடு போட்டு, ஆசிடில் ஒன்றரை மணி நேரம் விட்டேன். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் கிணற்றுக்குள் சாம்பல் நிறம். விளிம்பில் மட்டும் ஒரு கரிய வளையம், நடுவில் அழுக்குத் தண்ணீர் தேங்கிய மாதிரி வெளிறிய திட்டு.

ஆசிட் கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் வரப்பு மாதிரி நிற்க வேண்டிய செம்பு இடிந்து, வயல் முழுக்க ஒரே பள்ளமாகிவிட்டது. அகலமான பள்ளத்தில் மை நிற்காது. துடைக்கிற துணி உள்ளே இறங்கி வழித்துக்கொண்டு வந்துவிடும். மை நிற்க இரண்டு பக்கமும் கரை வேண்டும். எங்கே கரை போனதோ அங்கே கறுப்பும் போய்விடும்.

பேனாவில் இந்தப் பிரச்சினை கிடையாது. மேலே மேலே கோடு போட்டால் தாள் கிழியும் வரை கறுத்துக்கொண்டே போகும். அதனால் இரண்டும் ஒன்றல்ல.

ஜூன் 4, காலை

செய்முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தேன்மெழுகு, தார், பிசின் கலந்த ஒரு பூச்சைச் செம்புத் தகட்டில் மெல்லிசாகப் பூசுவோம். அதற்கு கிரவுண்ட் என்று பெயர். அதை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிக்கொள்வோம். ஊசியால் கீறினால் பூச்சு விலகிச் செம்பு தெரியும். தகட்டை ஆசிடில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கப்படும். பிறகு பூச்சைத் துடைத்துவிட்டு, பள்ளங்களில் மையை அழுத்தி நிரப்பி, மேல்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, ஈரத் தாளை வைத்து, மேலே கம்பளி போட்டு பிரஸ்ஸில் ஓட்ட வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று. கறுத்த தகட்டில் கீறும்போது கோடு பளபளவென்று செம்பு நிறத்தில் மின்னும். நாளை எது இருட்டாகப் போகிறதோ அது இன்று கண்ணுக்கு முன்னால் ஒளியாக இருக்கும். கரும்பலகையில் சாக்பீஸால் இரவை வரைவதுபோல. அதோடு இடவலமும் மாறிவிடும், அதனால் எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு வரைகிறேன். இப்படித் தலைகீழாக நினைக்கப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

ஜூன் 4, இரவு

காலையில் விட்டுப்போனது. ஒரு கோடு எவ்வளவு கறுப்பு என்பதைக் கை முடிவு செய்வதில்லை. கடிகாரம்தான் முடிவு செய்கிறது. ஒரே ஊசி, ஒரே அழுத்தம், ஆனால் ஐந்து நிமிடம் ஆசிடில் இருந்த கோடு வெளிறியும் ஐம்பது நிமிடம் இருந்த கோடு கரியாகவும் அச்சாகும். முதலில் தகடு முழுவதையும் ஐந்து நிமிடம் அரிக்கவிட்டு வெளியே எடுத்து, தூரத்து மலையையும் வானத்தையும் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மறுபடி உள்ளே போடுவார்கள். பிறகு நடுவில் உள்ள மரங்களை மூடுவார்கள். கடைசிவரை ஆசிடில் இருப்பது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற முன்தளம் மட்டும்.

இன்றைய பிரான்ஸில் இருக்கும் நான்சி நகரத்து ஓவியர் ஷாக் கலோ இதில் பெரிய கை. 1592-ல் பிறந்தவர். அவருக்கு முன்னால் மெழுகுப் பூச்சு மெத்தென்று இருக்கும், கை பட்டால் பெயர்ந்துவிடும். வீணை மாதிரியான நரம்புக் கருவிகள் செய்கிறவர்கள் பயன்படுத்தும் கெட்டி வார்னிஷை எடுத்துத் தகட்டில் பூசினார் அவர். பெயராது என்ற தைரியத்தில் பல தடவை மூடி மூடி அரிக்க முடிந்தது. 1633-ல் வந்த அவருடைய போர்க் கொடுமை வரிசையில் 18 படங்கள், ஒவ்வொன்றும் கையகலம்தான். ஒரு பெரிய மரத்தில் வரிசையாக மனிதர்களைத் தூக்கில் தொங்கவிட்டிருக்கும் படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவர்கள் அடர் கறுப்பு, பின்னால் அணிவகுத்த படை வெளிறிய நூல் கோடு. அந்த வெளிறல்தான் என்னை உலுக்குகிறது. தூக்குமரத்துக்குப் பின்னால் எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது.

ஆக, காலம்தான் இருட்டு.

ஜூன் 9

"காலம்தான் இருட்டு" என்று ஐந்து நாளைக்கு முன்னால் எழுதியதைத் திருத்துகிறேன். அரைவாசிதான் சரி. இருட்டின் உச்சம் என்று நான் நினைக்கும் படத்தில் ஆசிடே கிடையாது.

ரெம்பிராண்டின் 'மூன்று சிலுவைகள்', 1653. இயேசுவும் இரண்டு கள்வர்களும் சிலுவையில் தொங்கும் காட்சி. அது ட்ரைபாயின்ட். கிரவுண்ட் இல்லை, ஆசிட் இல்லை, கூரான ஊசியை நேரடியாகச் செம்பில் அழுத்தி உழுவது. உழும்போது மண் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்குமே, அதுபோலச் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். அதைப் பர் என்பார்கள். மை அந்தப் பிசிறில் சிக்கிக்கொள்ளும். அச்சில் கோட்டின் ஓரம் வெல்வெட் மாதிரி கசிந்து வரும்.

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துப் போனேன். பென்சில் மட்டும்தான் உள்ளே கொண்டுபோகலாம். மேசையில் படத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள், நடுவில் கண்ணாடி கிடையாது. இந்தப் படத்தின் முதல் நிலையையும் நான்காம் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிலை என்றால், தகட்டில் மாற்றம் செய்து மறுபடி அச்சிட்ட ஒவ்வொரு கட்டமும்.

முதல் நிலையில் மேலிருந்து கூம்பு மாதிரி ஒளி கொட்டுகிறது. சிலுவைகளைச் சுற்றிப் பெரிய கூட்டம். குதிரைக்காரர்கள், அழுகிறவர்கள், மண்டியிட்டவர்கள், ஓடுகிறவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடையாளம் காண முடிகிறது. கீழே பலபேர் வெறும் கோட்டுருவம், உள்ளே வெள்ளைத் தாள். அதிக வெளிச்சத்தில் கண் கூசி விவரம் தெரியாமல் போகுமே, அப்படி.

நான்காம் நிலையில் அதே தகட்டைச் சுரண்டி, பாதிப் பேரை அழித்துவிட்டார். கூட்டத்தின் மேல் மேலிருந்து கீழாக நீள நீளமான கோடுகள். தயவுதாட்சண்யம் இல்லாத நேர்கோடுகள், வலப்பக்கம் அவை திரைபோல இறங்கி அந்தப் பக்கச் சிலுவையை ஏறக்குறைய விழுங்கிவிடுகின்றன. உயரமான தொப்பி வைத்த ஒரு குதிரைக்காரன் புதிதாக வந்து நிற்கிறான். இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோ செய்த ஒரு பழைய பதக்கத்திலிருந்து எடுத்த உருவம். அவனுக்கு நடப்பதோடு சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்கிறான். மூக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இருட்டுக்குள் முதல் நிலையில் இருந்தவர்களின் மிச்சம் இன்னும் இருக்கிறது. ஒரு தோள், ஒரு தலைத்துணி. முழுக்க அழிக்கவில்லை.

இப்போது கேள்வி கேட்டவருக்கு வருகிறேன். கதை ஒன்றே. தகடு ஒன்றே. கை ஒருவருடையதே. முதல் நிலையைப் பார்த்தபோது எனக்குக் கூட்டத்தில் நிற்கிற துக்கம் வந்தது, ஒரு பெரிய சாவு வீட்டில் இருப்பதுபோல. நான்காவதைப் பார்த்தபோது தனியாக மாட்டிக்கொண்ட பயம். மாறியது கோடு மட்டும்தானே?

ஜூன் 10

விட்டுப்போன ஒரு தகவல். பர் பிசிறு மிருதுவானது. பிரஸ்ஸின் அழுத்தத்தில் சில பத்துத் தாள்களுக்குள் நசுங்கிப்போகும். முதலில் எடுத்த தாளில் இருக்கும் வெல்வெட் கறுப்பு பிறகு எடுப்பதில் இருக்காது. சில தாள்களை ரெம்பிராண்ட் கன்றுத்தோலில் அச்சிட்டிருக்கிறார். தோல் மையை உறிஞ்சாது, மை மேலாகவே நின்று இன்னும் கொஞ்சம் கலங்கித் தெரியும். கண்ணீர் நிறைந்த கண்ணால் பார்ப்பதுபோல என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். இப்போது படித்தாலும் அது சரியென்றே படுகிறது.

ஜூன் 16

"அப்படியானால் இருட்டாக்க இருட்டாக்க உணர்ச்சி கூடும் என்கிறீர்களா, அக்கா?" என்று திருச்சி நண்பர் கேட்டிருக்கிறார்.

இல்லை தம்பி. ரெம்பிராண்டின் 'மூன்று மரங்கள்' பாருங்கள், 1643. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி இலவசமாகவே கிடைக்கிறது. அவருடைய நிலக்காட்சி எட்சிங்குகளிலேயே பெரியது, ஆனாலும் ஒரு பள்ளிக்கூட நோட்டை விரித்துவைத்த அளவைவிடச் சிறியதுதான். இடப்பக்க மேல்மூலையில் மழையை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி சாய்கோடுகள். மேகம் முழுக்கச் சுருண்டு புரளும் கோடுகள். வலப்பக்கம் மூன்று மரங்கள் கறுப்பாக நிற்கின்றன. ஆனால் அந்த மரங்களுக்குப் பின்னால் இருக்கும் வானத்தைப் பாருங்கள். அங்கே ஊசி ஏறக்குறைய படவே இல்லை, வெறும் தாள். மழை கடந்துபோன பிறகு வருகிற அந்தக் கழுவிய வெளிச்சம் முழுக்க அவர் தொடாமல் விட்ட தாளிலிருந்துதான் வருகிறது.

எட்சிங்கில் வெள்ளை மை கிடையாது. வெளிச்சம் என்பது விட்டுவைத்தது. எதை விடுவது என்று முதல் கீறலுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அப்புறம், அதே படத்தில் வலப்பக்கக் கீழ்மூலைப் புதரைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெருக்கமான கோட்டுக்குள் ஒரு காதல் ஜோடி உட்கார்ந்திருக்கிறது. பல வருடங்கள் நான் கவனிக்காமல் இருந்தேன். கண்டுபிடித்த பிறகு படமே வேறாகிவிட்டது. புயல் தாண்டிப்போன ஒரு நிலம், அதில் ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பேர். நிழலுக்குள் எதையாவது வைத்திருக்கிறவனின் நிழல் தனி. உள்ளே ஒன்றும் வைக்காத நிழல் வெறும் கறுப்பு.

ஜூன் 24

இன்னொரு திருத்தம். கோடு இல்லாமல் எட்சிங் இல்லை என்ற தொனியிலேயே இதுவரை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஸ்பானிய ஓவியர் கோயாவை மறந்துவிட்டேன்.

அவருடைய 'லோஸ் கப்ரிச்சோஸ்' என்ற பட வரிசை, 1799, 80 படங்கள். அதில் 32-ஆவது படம், சிறையறையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அதில் அரித்த கோடு ஒன்றுகூட இல்லை. முழுக்க அக்வாடின்ட். பிசினைப் பொடி செய்து தகட்டில் தூசியாகப் படியவிட்டு, சூடுகாட்டி ஒட்டவைத்து, ஆசிடில் போடுவார்கள். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆசிட் அரிக்கும். அச்சில் அது மெல்லிய மணல்போன்ற சீரான நிறமாக வரும்.

கோட்டுக்குத் திசை உண்டு. வானத்தைச் சாய்கோட்டால் நிரப்பினால் அங்கே காற்று வீசும், மழை பெய்யும், கண் ஒரு பக்கம் இழுபடும். அக்வாடின்டுக்குத் திசை கிடையாது. கோயாவின் இரவுகளில் காற்றே இல்லை. பின்னால் சுவர் இருக்கிறதா, வானமா, எவ்வளவு தூரம் என்று தெரியாது. அந்தப் பெண் இருக்கும் அறைக்கு மூலை எங்கே என்று தேடினேன், பிடிபடவில்லை. ரெம்பிராண்டின் இருட்டுக்குள் கை நீட்டித் தடவிக்கொண்டு நடக்கலாம் என்று தோன்றும். கோயாவின் இருட்டில் கை எதிலும் படாது.

1792 இறுதியில் வந்த நோயில் அவருக்குக் காது கேளாமல் போனது. படத்தில் ஓசையின்மை இருப்பதற்கு அதையே காரணமாகச் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை, பிசின் தூள் போதும் அந்த மௌனத்துக்கு.

இந்த வரிசையை மாட்ரிட்டில் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கிற கடையில் வைத்து விற்றார். 27 தொகுப்புகள்தான் போயின. 1803-ல் தகடுகளை அரசரிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஜூன் 25

நேற்று கோயாவைப் பற்றி எழுதிய வேகத்தில் டிரங்குப் பெட்டியிலிருந்து 2009-ன் கிணற்றடித் தகட்டை எடுத்தேன். பாழான பள்ளம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் அக்வாடின்ட் போட்டால்? இடிந்த வயலுக்குள் பிசின் துகள்கள் புது வரப்பு கட்டும் அல்லவா.

போட்டேன். மின்விசிறி ஓடினால் தூள் பறக்கும், அதனால் நிறுத்த வேண்டும். கும்பகோணத்து ஜூன் மாதம். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தகட்டின் மேல் விழுந்தது. அந்த இடத்தில் தூள் திரண்டு ஒட்டிக்கொண்டது. ஆசிடுக்குப் பதிலாகச் செம்பை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் 40 நிமிடம். இதைச் சென்னை ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் வாங்கும் கடையில்தான் நானும் வாங்குகிறேன். நைட்ரிக் ஆசிட் மாதிரி புகையாது, வீட்டில் வைத்துச் செய்யலாம்.

பதினான்கு வருடத்துக்குப் பிறகு கிணறு கறுத்தது. வியர்வைச் சொட்டு விழுந்த இடம் மட்டும் சின்ன வெள்ளைப் புள்ளி. கிணற்றுத் தண்ணீரில் ஒரு வெளிச்சம் விழுந்த மாதிரியே இருக்கிறது. விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூலை 7

இத்தாலிய எட்சிங் கலைஞர் பிரனேசி பற்றிக் கேட்டவர்களுக்கு. அவருடைய 'கற்பனைச் சிறைகள்' வரிசை முதலில் 1749–50 வாக்கில் 14 தகடுகளாக வந்தது. 1761-ல் அதே தகடுகளைத் திருத்தி, இரண்டு புதிய தகடுகளையும் சேர்த்து, 16 ஆக்கி மறுபடி வெளியிட்டார். முதல் பதிப்பு லேசானது. பேனாவால் கிறுக்கிய மாதிரி கை ஓடியிருக்கிறது, வளைவுகளுக்கு நடுவே ஏராளமான வெள்ளை. இரண்டாம் பதிப்பில் ஆழமாக அரித்துக் கறுப்பேற்றிவிட்டார். எல்லோரும் கொண்டாடுவது இரண்டாவதைத்தான். என் ஓட்டும் அதற்கே.

ஜூலை 8

ராத்திரி முழுக்க இரண்டு பதிப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று அவசரப்பட்டுவிட்டேன்.

இரண்டாம் பதிப்பின் பயத்துக்குக் கறுப்பு மட்டும் காரணம் இல்லை. கறுப்பேற்றியதோடு நிற்காமல், முதல் பதிப்பில் வெறுமையாக இருந்த இடங்களில் புதுப் படிக்கட்டுகளையும் பாலங்களையும் கயிறுகளையும் கம்பிகளையும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு படிக்கட்டில் கண்ணால் ஏறினால் அது இன்னொரு பாலத்தில் முடிகிறது, பாலம் இன்னொரு தூணுக்குப் பின்னால் போய் மறைகிறது. வெளியே போகும் வழி எங்கேயும் இல்லை. அங்கே இருட்டு எதையும் மறைக்கவில்லை. அதிகமாகக் காட்டியே மூச்சுமுட்டவைக்கிறது.

முதல் பதிப்பில் தூசி பறக்கும் வெயில் இருக்கிறது. சிறைதான், ஆனால் கைவிடப்பட்ட சிறை. ஆளெல்லாம் விடுதலையாகிப் போன பிறகு ஒருவர் வந்து உள்ளே சுற்றிப் பார்ப்பதுபோல. இன்று கேட்டால் முதலாவதைத்தான் சுவரில் மாட்டுவேன்.

கேள்வி கேட்டவர் கதைதான் மனதைப் பிசைகிறது என்றாரே, பிரனேசியிடம் கதையே இல்லை. யார் கைதி, என்ன குற்றம், எந்த ஊர், ஒன்றும் கிடையாது.

ஜூலை 20

இத்தனை நாள் தகட்டையே பேசிக்கொண்டிருந்தேன். துடைப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. உண்மையில் மனநிலையின் பாதி அங்கேதான் முடிவாகிறது.

தகட்டைச் சூடு பண்ணி, மையை வழித்துப் பூசி, கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி வட்ட வட்டமாகத் துடைப்போம். முதலில் தகடு முழுக்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். துடைக்கத் துடைக்கக் கோடுகள் மேலே வரும், விடியற்காலையில் மரங்கள் தெரிய ஆரம்பிப்பதுபோல. கடைசியில் உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைத் தொட்டுக்கொண்டு, கையின் தசைப்பகுதியால் தட்டித் தட்டி வழிக்க வேண்டும். சரியாகத் துடைக்கும்போது 'சரக் சரக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் மாறினால் மை அதிகமாகப் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணைவிட இந்தச் சத்தத்தைத்தான் நம்புகிறேன்.

எந்த இடத்தில் கையை நிறுத்துகிறீர்களோ அங்கே மை மெல்லிய படலமாகத் தங்கும். தாளில் அது மூட்டமாக வரும். ரெம்பிராண்ட் 1654 வாக்கில் செய்த, இயேசுவின் உடலைக் கல்லறையில் வைக்கும் 'அடக்கம்' என்ற படத்தைப் பல நிலைகளில் பார்க்க வேண்டும். முதல் நிலை வெறும் கோடு, எல்லாம் தெளிவு. பிறகு முழுக்கக் கோட்டு வலையால் மூடிவிட்டார். அதற்கும் மேலே ஒவ்வொரு தாளுக்கும் வேறு வேறு மாதிரி துடைத்திருக்கிறார். ஒரு தாளில் உடலைச் சுற்றி மட்டும் மையை வழித்து எடுத்திருப்பதால், விளக்கு அங்கேயே எங்கோ இருக்கிற மாதிரி தெரிகிறது. இன்னொன்றில் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். நிஜமாகவே இருட்டறைக்குள் நுழைந்தால் ஆகுமே, அந்த நேரம்.

அமெரிக்க ஓவியர் விஸ்லர் இதைக் கடைசிவரை கொண்டுபோனார். 1879–80-ல் வெனிஸில் இருந்தபோது செய்த இரவுக் காட்சிகளில் தகட்டில் கோடு மிகக் குறைவு. தூரத்தில் கட்டடங்களின் ஒரு வரி, சில படகுகள். மற்றபடி தண்ணீரும் வானமும் அந்தி மங்கலும் துணியாலும் கையாலும் விட்டுவைத்த மைதான். அதனால் ஒரே தகட்டிலிருந்து எடுத்த இரண்டு தாள்கள் ஒரே நேரத்தைக் காட்டாது. ஒன்று ஏழு மணி என்றால் இன்னொன்று ஒன்பதரை.

ஜூலை 21

"அது ஏமாற்று வேலை இல்லையா? கோடு போடாமல் மையைப் பூசிவிட்டால் அது ஓவியம்தானே, எட்சிங் எப்படி?"

இந்தக் கருத்து புதிதல்ல. படலம் ஒரு துளியும் இல்லாமல் சுத்தமாகத் துடைத்தால்தான் நேர்மை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரும் சொல்வார். பயிற்சிக்கு அது மிகவும் நல்லது. தகட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் ரெம்பிராண்டே செய்ததை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பலவீனமான தகட்டின் மேல் மூட்டம் போட்டால் மூட்டம் மட்டும்தான் தெரியும். விஸ்லரின் அந்த நாலு கோடு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. அதனால்தான் மற்ற இடம் தண்ணீராக நிற்கிறது.

ஆகஸ்ட் 2

நேற்று அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் 'இரவு நிழல்கள்' படத்தை நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். 1921. ஹாப்பர் எண்ணெய் ஓவியத்தால் பெயர் வாங்குவதற்கு முன்னால் சில வருடங்கள் எட்சிங் செய்துகொண்டிருந்தார்.

ஏதோ ஒரு மாடியிலிருந்து கீழே பார்க்கிறோம். ஆளில்லாத தெருமுனை. ஒருவன் தனியாக நடந்து போகிறான். தெருவின் குறுக்கே ஒரு கம்பத்தின் நீண்ட நிழல் சாய்வாக விழுந்து கிடக்கிறது, அவன் அதைத் தாண்டியாக வேண்டும். கம்பம் எங்கே? படத்தில் இல்லை. சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. நமக்குக் காட்டியது நிழலை மட்டும்.

அவர் மிகக் கறுப்பான மையும் மிக வெள்ளையான தாளும் தேடித் தேடி வாங்கினார். நடுத்தர மூட்டமெல்லாம் அவருக்கு வேண்டாம், வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் கோடுகளின் நெருக்கம் மட்டும். கறுப்பு விழுந்த இடத்திலும் கோடு கோடாகத்தான் நிற்கிறது. வரப்பு இடியவில்லை. என் கிணற்றுக்கு நேர்ந்தது அவருக்கு நேரவில்லை.

இதிலும் கதை இல்லை. அவன் யார், எங்கே போகிறான், ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த நிழல் வரைக்கும் அவனோடு நானும் நடக்கிறேன்.

ஆகஸ்ட் 5

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "பேனாவும் எட்சிங்கும் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். மூன்று சிலுவைகளின் இரண்டு நிலைகளையும் பார்த்தேன். ஆனாலும் கதை தெரியாதவனுக்கு நான்காம் நிலை வெறும் புயலாகத்தான் தெரியும்."

நல்ல கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. மனிதர்கள், குதிரை, சிலுவை என்று தெரியாமல் அந்தக் கோடுகளை மட்டும் பார்த்தால் எனக்கு அதே பயம் வந்திருக்குமா? பாதியாவது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதியை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 15

கிணற்றடித் தகட்டின் கடைசி நிலை.

ஜூனுக்குப் பிறகு என்னென்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். துவைகல் இருந்த மூலையில் ட்ரைபாயின்ட் ஊசியால் மேலிருந்து கீழாகக் கோடுகளை இறக்கினேன், பிசிறு நிற்கட்டும் என்று. துவைகல் இப்போது அதற்குள் புதைந்துவிட்டது, தேடினால் மட்டும் கிடைக்கும். பிறகு தரையில் ஒரு பட்டை வெளிச்சம் வேண்டும் என்று தோன்றியது. ஹாப்பரைப் பார்த்த பாதிப்புத்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஏற்கெனவே அரித்த கோடுகளைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, மழுங்கிய எஃகுக் கருவியால் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். மூன்று நாள் சாயங்காலம் போயிற்று. கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை வரையவில்லை. விளக்கும் இல்லை, கதவும் இல்லை. இடப்பக்க ஓரத்திலிருந்து சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை கிணற்றுச் சுவரின் அடிவரை வந்து நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

வானத்தில் மட்டும் கொஞ்சம் மையைத் துடைக்காமல் விட்டேன். கம்பளியைத் தூக்கித் தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தபோது கை நடுங்கியது.

காய்ந்ததும் அத்தையிடம் கொண்டுபோனேன். 82 வயது. கண்புரை எடுத்துவிட்டதால் கிட்டத்தில் இருப்பது நன்றாகவே தெரிகிறது. கிணற்றை மூடிப் பதினொரு வருடம் ஆகிறது, பின்கட்டே இப்போது இல்லை. இது என்ன படம் என்று நான் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இருட்டு மூலையில் விரலை வைத்து, "இங்கதானே துவைகல்" என்றாள். பிறகு அந்த வெள்ளைப் பட்டையின் மேல் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே இடப்பக்க ஓரம் வரை போனாள். தாளின் விளிம்பில் விரல் நின்றது.

"அடுக்களைக் கதவைச் சாத்தாம விட்டுட்டுப் போயிருக்கா பாரு" என்றாள்.